உப்புக் கண்

சிப்பிக்கரை உப்பளத்துக்கு மேலே அந்தக் குவிமாடம் வந்து நின்ற மாசி மாதக் காலையில் சொர்ணக்கனி முதலில் பார்த்தது குவிமாடத்தை அல்ல, நிழலைத்தான். வயசுக்கு வந்த நாள்முதல் அந்த அளத்தில் உப்பு வாருகிறவள் அவள். மேலே ஒரு வெயில், பாத்தியில் பட்டு எகிறி முகத்தில் அடிக்கும் இன்னொரு வெயில் என்று இரண்டு வெயிலுக்கு நடுவே நின்று பழகியவள். மரமும் கிடையாது, மட்டையும் கிடையாது, தலைக்கு மேலே ஒரு காக்காய் பறந்து போனால் அதன் நிழலுக்குக்கூட ஆசைப்பட்டவள். அப்படிப்பட்டவளின் கால்மாட்டில் திருவிழாப் பந்தல் அளவுக்கு ஒரு நிழல் விழுந்து கிடந்தால், அவள் நிமிர்ந்து காரணம் பார்ப்பாளா, உள்ளே போய் நிற்பாளா? போய் நின்றாள், வாருபலகையை ஊன்றிக்கொண்டு ஆற அமர மூச்சு விட்டாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அதற்குப் பிறகுதான் தலையைத் தூக்கி, "இது என்னது, கொப்பரையைக் கவுத்துப் போட்டாப்ல?" என்றாள்.

சுவரில்லை, தூணில்லை, மேலிருந்து கட்டித் தொங்கவிட்ட கயிறுமில்லை. செங்கல்லால் கட்டிய பெரிய வட்டக் கூரை ஒன்று, விளிம்பு இரண்டு ஆள் உயரத்திலும் உச்சி பனைமரத்து உயரத்திலுமாக, அளத்துக்கு நடுவே சும்மா நின்றது. விளிம்பைச் சுற்றிலும் சின்னச் சின்ன ஜன்னல்கள். உள்பக்கம் முழுக்கத் தங்கம், கடுகும் மிளகுமாகப் பொடிக்கற்கள் பதித்த தங்கம். அந்தத் தங்கத்துக்கு நடுவே கத்தரிப்பூ நிறத்தில் துணி உடுத்தி, கன்னத்தின் இரண்டு பக்கமும் முத்துச்சரம் தொங்க, ஒரு பெண்ணின் முகம். அந்த முகத்தில் பாதி கண்ணாகவே இருந்தது. எங்கே நின்று பார்த்தாலும் அவள் நம்மையே பார்த்தாள், கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல், வேலை முடிந்ததா என்று கேட்கிற மாதிரி.

கங்காணி ராசமணி சொர்ணக்கனிக்குக் கொழுந்தன் முறை. அவன் வந்து இடுப்பில் கைவைத்து மேலே பார்த்துவிட்டு, இது எந்தெந்தப் பாத்திக்கு மேலே நிற்கிறது என்று காலால் நடந்து அளந்தான். முதலாளி பட்டணத்திலிருந்து காரில் வந்து, இறங்காமலேயே எட்டிப் பார்த்து, "ஒழுகுமாடா?" என்று கேட்டார்; ஒழுகாது என்றதும் போய்விட்டார். கோயில் பூசாரி வந்து முத்துமாரிதான் என்றார், பங்குச்சாமியார் வந்து மாதாவைப் போல இருக்கிறது, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். உப்பு வாருகிற பெண்கள் இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, மேலே இருக்கிறவள் என்பதால் மேலக்காரி என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்தாயிற்று என்றால் அப்புறம் என்ன, அவளும் ஊர்க்காரிதான்.

கூரை அசையவில்லை, நிழல்தான் நடந்தது. காலையில் மேற்குப் பாத்திகளில் விழும், உச்சிப்பொழுதில் நேர் கீழே வந்து ஒடுங்கும், பொழுது சாயச் சாயக் கிழக்கே நீளும். உப்பு விளைவதற்கு வெயில் வேண்டும், வாருகிறவளுக்கு நிழல் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்காது என்றுதான் அளம் தோன்றிய நாள்முதல் எல்லாரும் நம்பியிருந்தார்கள். இப்போது நிழல் எந்தப் பாத்திக்கு வருகிறதோ அந்தப் பாத்தியை வாருவது, அது நகர்ந்தால் பின்னாலேயே நகர்வது என்று வேலையை மாற்றிக்கொண்டார்கள். ராசமணி கூட அதட்டுவதை விட்டுவிட்டு, "ஏட்டி, நிழல் மூணாம் வரப்புக்குப் போயாச்சு, இன்னும் இங்க என்ன பேச்சு?" என்று நிழலைக் காட்டியே வேலை வாங்கக் கற்றுக்கொண்டான். உச்சி நிழல் விழும் இடத்தில் மட்டும் உப்பு சரியாகப் பூக்கவில்லை. அந்த இடத்தை மேடாக்கி, சோற்றுவாளி வைக்கவும் பிள்ளைக்குத் தொட்டில் கட்டவும் விட்டுவிட்டார்கள்.

எல்லாருக்கும் சந்தோஷம்தான். ஆனால் சொர்ணக்கனிக்கு அது சந்தோஷம் மட்டுமல்ல, உயிர். அதற்கு முந்தின வருஷம் கண்ணாஸ்பத்திரியில் டாக்டர் அவள் இமையைப் புரட்டிப் பார்த்து, "கண்ணுல சதை வளருதும்மா. வெயிலும் உப்பு வெளிச்சமும்தான் காரணம். இனியும் அளத்துல நின்னீங்கன்னா கொஞ்சகாலத்துல பார்வை போயிரும்" என்று சொல்லியிருந்தார். அளத்தில் நிற்காவிட்டால் எங்கே நிற்பது? மூட்டை தூக்கி இடுப்பு போன புருஷன் வீட்டில் படுத்திருந்தான். கறுப்புக் கண்ணாடி வாங்கிப் போட்டுப் பார்த்தாள், வியர்வையில் வழுக்கி அது தினமும் பாத்தியில் விழுந்தது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ஒரு கண்ணை மூடி, ஓட்டு இடுக்கில் தெரியும் வானத்தைப் பார்த்து, இன்றைக்கு எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்வாள். குவிமாடம் வந்த பிறகு அந்தப் பரீட்சையை அவள் மறந்தே போனாள். நிழலோடு நடந்தாள், நிழலோடு வாரினாள், கண்ணில் தண்ணீர் வடிவது நின்றது. உச்சி நேரத்தில் மேட்டில் படுத்து மேலக்காரியின் கண்ணைப் பார்ப்பாள், மேலக்காரியும் பார்ப்பாள். ஒருத்தி கண்ணை இன்னொருத்தி காப்பாற்றுவதாகச் சொர்ணக்கனி மனதுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டாள்.

சித்திரை வெயிலில் கல்லூரியிலிருந்து சரித்திரப் பேராசிரியர் இஞ்ஞாசி சார் வந்தார். நல்ல மனுஷர், வெள்ளைச் சட்டை உப்பாவதைப் பற்றிக் கவலைப்படாமல் வரப்பில் மல்லாந்து படுத்துப் பார்த்தார்.

"இது கிழக்கு ரோமாபுரிக்காரங்க வேலைம்மா. கான்ஸ்டான்டிநோபிள்னு பெரிய பட்டணம் இருந்துது, இப்ப இஸ்தான்புல்ங்கிறாங்க. அடியில சுத்தி ஜன்னல் வச்சிருக்கு பாத்தீங்களா? அதுல வெளிச்சம் வரும்போது, கூரை அந்தரத்துல மிதக்குற மாதிரி இருக்கணும்னு அப்படிக் கட்டுவாங்க."

"மாதிரி என்ன சார், மிதக்கத்தான செய்யுது?" என்றாள் மரியசெல்வி. சொர்ணக்கனிக்குப் பக்கத்துப் பாத்தி அவள். வாய் மட்டும் ஒரு பாத்தியில் நிற்காது.

"ஆமா," என்று அவரும் ஒப்புக்கொண்டு மேலே சொன்னார். அந்தப் பொடிக்கற்கள் கண்ணாடி என்றார்; இரண்டு கண்ணாடிக்கு நடுவே தங்கத் தகட்டை வைத்துச் சுட்டு உடைப்பார்களாம். அதைச் சமமாகப் பதிக்க மாட்டார்களாம், ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பக்கமாகச் சாய்த்துப் பதிப்பார்களாம், மெழுகுவர்த்தி ஆடினால் தங்கமும் ஆடுமாம். அளத்தில் மெழுகுவர்த்திக்கு வேலையில்லை. இத்தனை காலம் கண்ணைக் கெடுத்த உப்பு வெளிச்சமே கீழேயிருந்து ஏறிப்போய் மேலக்காரியின் தங்கத்தில் அலையடித்துக்கொண்டிருந்தது. அவள் மாதாவா, மகாராணியா என்று கேட்டதற்கு, தலைக்கு இரண்டு பக்கமும் எழுதியிருந்த எழுத்தில் பாதி உதிர்ந்துவிட்டது, சொல்ல முடியவில்லை என்றார்.

"அங்க ஒரு காலத்துல ராஜாவே ஆணை போட்டாரும்மா, சாமி படம் எதுவும் இருக்கக் கூடாது, சுரண்டி எடுங்கன்னு. நூறு வருஷத்துக்கு மேல விட்டு விட்டு அந்தச் சண்டை. சில இடத்துல முகத்தை மட்டும், கண்ணை மட்டும் தோண்டிப் போட்டிருக்காங்க."

இஞ்ஞாசி சார் போன பிறகும் அந்தச் சொல் போகவில்லை. "அப்படிச் சொல்லு. கண்ணைத் தோண்ட வாராங்கன்னு பயந்து, கூரையோட கிளம்பி இங்க ஓடி வந்திருக்கா" என்றாள் மரியசெல்வி. அதற்கு மேல் யாருக்கும் காரணம் தேவைப்படவில்லை. புருஷன் அடித்து ஓடி வந்தவர்களுக்கும், கடன்காரனுக்குப் பயந்து வந்தவர்களுக்கும் இடம் கொடுத்த அளம் அது. கண்ணுக்குப் பயந்து வந்தவளுக்கும் கொடுத்தது.

ஆடி மாதம் காற்று பிடித்தது. சோற்றுவாளியைத் தூக்கி எறியும் காற்று, மூன்று நாள் பேயாகச் சுற்றியடித்துவிட்டு ஓய்ந்தபோது மேலக்காரியின் கண்கள் இல்லை. முத்துச்சரம் இருந்தது, மூக்கு இருந்தது, கண்ணிருந்த இடத்தில் இரண்டு செங்கல் குழி. பெண்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாத்தி பாத்தியாகத் தேடினார்கள். தங்கக் கல் சில அகப்பட்டன, கறுப்பும் வெள்ளையும் ஒன்றுகூட அகப்படவில்லை. உப்போடு உப்பாக வாரி மூட்டையேறி எந்த ஊர் ஊறுகாய் ஜாடிக்குள் கிடக்கின்றனவோ. சொர்ணக்கனி அன்று சோறு தின்னவில்லை. மறுநாள் காலையில் ஒரு கண்ணை மூடிப் பார்க்கும் பழக்கம் அவளுக்குத் திரும்பி வந்துவிட்டது. அவள் பயந்தாள், சொந்தக் கண்ணுக்குத்தான் பயந்தாள், ஆனால் அது மேலக்காரிக்காகப் படும் வருத்தம் என்றே நினைத்துக்கொண்டாள்.

உப்பளத்துக்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் வராத யோசனை அவளுக்கு வந்தது. பழைய பாத்தியின் மூலையில் வாராமல் விட்ட உப்பு, கற்கண்டு போலக் கட்டிகட்டியாக விளைந்து கிடக்கும். அதில் கண்ணாடி போன்றவற்றைப் பொறுக்கினாள். கருவிழிக்கு, சேறு கலந்து கறுத்த கட்டிகளை எடுத்தாள். சுண்ணாம்பில் கருப்பட்டிப் பாகு விட்டுக் குழைத்தாள். ராசமணி மூங்கில் சாரம் கட்டிக் கொடுத்தான், கட்டும்போதே, "மயினி, கல்லு விழுந்த இடத்துல உப்பு நிக்குமா?" என்று கேட்டான். "நமக்கு உப்புதானே கல்லு" என்றாள் அவள். இரண்டு கண்ணையும் வைத்து இறங்கி வந்து மேட்டில் படுத்துப் பார்த்தபோது மேலக்காரி பார்த்தாள். முன்னைவிடக் கொஞ்சம் கலங்கலாக, தூங்கி எழுந்தவளைப் போல, ஆனால் பார்த்தாள்.

ஐப்பசியில் ஈரக்காற்று வந்ததும் அந்தக் கண்கள் அழத் தொடங்கின. மழைக்கு முந்தி உப்பு கசியும், அது அளத்தில் தவழுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். குவித்துவைத்த அம்பாரம் கசியும், மூட்டை கசியும், வீட்டு உப்புப்பானை கசியும், மேலக்காரி கண்ணும் கசிந்தது. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சாலையோடு போன யாத்திரை பஸ் ஒன்று பஞ்சராகி நின்று, அதிலிருந்தவர்கள் மழைக்கு ஒதுங்கக் கூரையடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்து, கன்னத்தில் வழியும் கண்ணீரைக் கண்டு முட்டிபோட்டார்கள். பெரிய கட்டடமொன்று பிடிமானமில்லாமல் வானத்தில் நிற்பதை அவர்கள் கவனித்ததாகவே தெரியவில்லை. செய்தி காதும் மூக்கும் வைத்துப் பரவியது. ஒரு வாரத்தில் அளம் கொள்ளாத கூட்டம்.

மழை மாதங்கள் சிப்பிக்கரையில் அடுப்பில் பூனை தூங்கும் மாதங்கள். வேலை கிடையாது, கூலி கிடையாது. அந்த வருஷம் மட்டும் டீக்கடை போட்டார்கள், பூ கட்டினார்கள், சுண்டல் விற்றார்கள். வீட்டுக்கு வீடு புகை எழுந்தது. ராசமணி கண்ணீர் விழும் இடத்தில் ஒரு பித்தளை அண்டாவை வைத்து, வருகிறவர்களுக்குக் கரண்டியால் மொண்டு கொடுத்தான். யாரும் பொய் சொல்லவில்லை. அது என்ன தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை, இவர்களும் சொல்லவில்லை. சொர்ணக்கனியும் பூ கட்டினாள். மனதில் ஒரு முள் இருந்தது, ஆனாலும் கட்டினாள்.

கோவில்பட்டிப் பக்கமிருந்து தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு பெண், பொன்னுத்தாய் என்று பேர், கண்ணெல்லாம் சிவந்து பீளை கட்டிய மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். வரிசையில் நின்று வாங்கிய தண்ணீரில் சேலை முனையை நனைத்து, பிள்ளையின் இமையைப் பிரித்துப் பிழிந்தாள். பிள்ளை அலறிய அலறலில் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன் கை நின்றது. அவள் மறுபடி நனைத்தாள். சொர்ணக்கனி பூவைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"ஏ தாயி, ஊத்தாத. அது கண்ணீரு இல்ல, வெறும் உப்புத் தண்ணி. நாந்தான் உப்பை எடுத்துக் கண்ணா வச்சேன். ஈரத்துக்குக் கசியுது. புள்ள கண்ணு அவிஞ்சு போவும்."

பொன்னுத்தாய் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "உப்பா இருந்தா என்னக்கா? அவ கண்ணுலருந்துதான வருது?" என்று சொல்லிவிட்டு மூன்றாம் முறை நனைத்தாள்.

சொல்லிப் பிரயோசனமில்லை என்று சொர்ணக்கனிக்கு அப்போது புரிந்தது. அவள் இன்னும் அவிழ்க்காமல் நின்ற சாரத்தைப் பார்த்தாள். அவள் பார்த்ததை ராசமணி பார்த்துவிட்டான்.

"மயினி, வேண்டாம். தை பொறக்குத வரைக்கும் பொறுங்க. ஊரு சாப்பிடுதுல்லா? இந்த ஒரு புள்ளையை நான் பாத்துக்கிடுதேன்."

"நாளைக்கு வாற புள்ளைய?"

மரியசெல்வி குறுக்கே வந்து நின்றாள். எப்போதும் சத்தமாகப் பேசுகிறவள் காதோடு பேசினாள். "கண்ணைத் தோண்டுதாங்கன்னுதான அவ அங்கருந்து ஓடி வந்தா? நீயும் தோண்டினா போயிருவா யக்கா. நிழலு போயிரும். அப்புறம் உன் கண்ணு என்னத்துக்கு ஆவும்?"

அது சொர்ணக்கனிக்குத் தெரியாததா? அவளைவிட யாருக்குத் தெரியும்? பிள்ளை அழுகையை விடவில்லை. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாரத்தில் ஏறினாள். கீழே முதலில் கூச்சல், பிறகு யாரோ எறிந்த செருப்பு ஒன்று மூங்கிலில் பட்டு விழுந்தது. ஆட்கள் பின்னால் ஏற வந்தார்கள்; ராசமணி என்ன நினைத்தானோ, அண்டாவைக் காலால் உதைத்துக் கவிழ்த்துவிட்டு, சாரத்தடியில் கையை விரித்து நின்றுகொண்டான்.

மேலே முகத்துக்கு முகம் நேராக நின்றபோது சொர்ணக்கனிக்கு அழுகை வந்தது. "தப்பா நெனைக்காத தாயி. உனக்குக் கண்ணு வேணும்னா வச்சேன்? எனக்குப் பயம், அதான் வச்சேன்" என்று சொல்லிவிட்டு, உப்பைச் சுரண்டும் இரும்புச் சில்லால் முதலில் இடது கண்ணையும் பிறகு வலது கண்ணையும் பெயர்த்தாள். உப்போடு பழைய சுண்ணாம்பும், அதற்குப் பின்னாலிருந்த செங்கல் பொடியும் உதிர்ந்தன. மேலக்காரி தடுக்கவில்லை.

இறங்கி வந்து ஒரு கட்டியைப் பொன்னுத்தாயின் உள்ளங்கையில் வைத்தாள். பொன்னுத்தாய் அதை நாக்கில் வைத்தாள், வெகுநேரம் வைத்திருந்தாள், பிறகு துப்பிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நல்ல தண்ணி கொண்டாங்கட்டி!" என்று மரியசெல்வி கத்தினாள். அளத்தில் நல்ல தண்ணீர் என்பது காததூரத்துக் குழாயிலிருந்து குடம் சுமந்து வருவது. சண்டை வராமல் ஒரு செம்பு கடன் கிடைக்காது. அன்று ஒவ்வொரு பெண்ணும் தன் குடத்தைக் கொண்டுவந்து கவிழ்த்தாள். குடம் குடமாக ஊற்றிப் பிள்ளையின் கண்ணைக் கழுவினார்கள், டீக்கடைத் தண்ணீரையும் விடவில்லை. பிள்ளை அழுது ஓய்ந்து தூங்கியதும் தாயையும் மகளையும் ராசமணியே கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

கூட்டம் திட்டிக்கொண்டே கலைந்தது. மறுநாள் டீக்கடைகள் காலியாகக் கிடந்தன. அதற்கும் மறுநாள் குவிமாடம் ஒரு முழம் ஏறியிருந்தது. மழை கொட்டக் கொட்ட அது அவசரமில்லாமல், விருந்துக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு கிளம்புவதைப் போல, கொஞ்சம் கொஞ்சமாக உயரே போனது. சாரம் எட்டாமல் போனது, ஜன்னல்கள் தெரியாமல் போயின, கார்த்திகை மேகத்துக்குள் தங்கம் ஒருநாள் மின்னியது, பிறகு மின்னவில்லை. ஊரில் யாரும் சொர்ணக்கனியைக் குறை சொல்லவில்லை, பேசவும் இல்லை. அடுப்பு மறுபடி அணைந்த வீடுகளின் வழியாக நடக்கும்போது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தன் கண்ணுக்கு ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ என்று கணக்குப் போடுவதையும் விட்டுவிட்டாள்.

தை முடிந்து மாசி பிறந்தது. பாத்திகளை மிதித்துச் சமன்படுத்தி, தண்ணீர் பாய்ச்சி, முதல் உப்பு பூத்த காலையில் சொர்ணக்கனி கறுப்புக் கண்ணாடியை நூலால் காதில் கட்டிக்கொண்டு, வாருபலகையோடு அளத்துக்கு வந்தாள். வானம் துடைத்துப்போட்ட மாதிரி வெறுமையாக இருந்தது, ஒரு காக்காய்கூட இல்லை. வரப்பில் நின்ற ராசமணி அவளைப் பார்த்துவிட்டு, நேற்று விட்ட வேலையைத் தொடர்கிறவன்போலச் சாதாரணமாகச் சொன்னான்: "மேக்குப் பாத்திக்குப் போங்க மயினி. நிழலு அங்கதான் கெடக்கு."

கிடந்தது. மேலே ஒன்றுமில்லை, கீழே அதே வட்டம், அதே பந்தலகல நிழல், ஓரத்தில் ஜன்னல் வெளிச்சங்கள் பூச்சரம் சுற்றினாற்போல. மரியசெல்வி அதற்குள் நின்று ஏற்கெனவே வாரத் தொடங்கியிருந்தாள், யாரையோ வைதுகொண்டே. சொர்ணக்கனி கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே நடந்தாள். நிழலின் நடுவில், போன வருஷம் இல்லாத இரண்டு வெளிச்சப் பொட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்திருந்தன. அந்த இரண்டு இடத்தில் மட்டும் உப்பு முந்திப் பூத்து வெள்ளைவெளேரென்று மினுங்கியது. அவள் கொஞ்சநேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, மிதித்துவிடாமல் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், பலகையைத் தண்ணீரில் இறக்கினாள்.